அவரைப் பார்த்துக் கேளுங்கள்

பகலில் தூங்குகிறவனுக்குப் பக்கத்து வீடு சத்தத்தால்தான் தெரியும். கிள்ளான் பக்கம் மேருவில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நான் வந்து படுக்கும் நேரத்தில், ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் உஷாராணி அக்காவின் மாவரைக்கும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கும். ஒன்றில் உளுந்து, ஒன்றில் அரிசி. உளுந்து வழுவழுவென்று அரைபடும். அரிசி கரகரக்கும். நடுநடுவே அக்கா தண்ணீர் தெளித்து ஓரத்தைக் கையால் வழிப்பார், சத்தம் கொஞ்சம் அமுங்கும். மாவு பொங்குவதற்குள் பொட்டலம் கட்டி, எங்கள் தாமான் குடியிருப்பின் முனைக் கடைகளுக்கும் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்கும் அனுப்பிவிட வேண்டும். தாமதித்தால் பொட்டலம் வெடித்துவிடும்.

அந்தச் சத்தத்தில் தூங்க நான் பழகியிருந்தேன். என்னை எழுப்பியது வேறு. இயந்திரம் நின்ற பிறகு அக்கா ஏதோ கேட்பார். ஒரு நீண்ட அமைதி வரும். பிறகு அவருடைய அப்பாவின் குரல், கோர்ட்டில் பேசுகிற தெளிவோடு, "எனக்கு இப்பப் பசியில்லை" என்று சொல்லும். நடுவில் வருகிற அந்த அமைதியில்தான் எனக்கு விழிப்பு வரும்.

அக்காவின் அப்பா தம்புசாமி, கிள்ளான் நீதிமன்றத்தில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கூண்டில் ஏறினால் பக்கத்தில் நின்று, அவர்கள் சொல்வதை நீதிபதிக்கு மலாயிலும் நீதிபதி கேட்பதை அவர்களுக்குத் தமிழிலும் சொல்லும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளைச் சட்டை போட்டு, பையில் பேனா குத்தி, காலையில் முனையிலிருக்கும், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்கு வருவார். நான் வேலை முடிந்து அங்கே ரொட்டி சானாய் வாங்க நிற்பேன். எல்லோரும் கோப்பி குடித்துப் பசியாறிக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்து, "குட் நைட், ஷிஃப்ட்டு" என்பார். என் பெயர் ராஜன். அந்த மேசையில் மட்டும் ஷிஃப்ட்டு. வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அக்கா அந்தக் கடைப் பக்கம் வந்ததும் இல்லை.

"இண்டர்பிரெட்டருக்கு வாய் சொந்தமில்ல, ஷிஃப்ட்டு," என்று ஒருநாள் சொன்னார். "கூண்டுல நிக்கறவன் 'நான் வெட்டல'ன்னா, நானும் 'நான் வெட்டல'ன்னுதான் சொல்லணும். 'இவன் வெட்டலன்னு சொல்றான்'னு சொன்னா அவன் வேலைக்கு ஆகாதவன். இந்த வாயால நான் எத்தன பேர வெட்டியிருக்கேன் தெரியுமா. எத்தன பேரக் கட்டிக்கிட்டு ஓடியிருக்கேன்."

"ஆன்டிக்குத் தெரியுமா அங்கிள்?"

"தெரிஞ்சுதான் சீக்கிரம் போய்ச் சேந்துட்டா." சிரித்துவிட்டுக் கோப்பியை ஆற்றினார். "லாயருங்க என்ன பண்ணுவாங்க, கேள்விய என்னப் பாத்துக் கேப்பாங்க. நான் சொல்லுவேன், என்னப் பாக்காதீங்க, அவரப் பாத்துக் கேளுங்க. இங்க நிக்கறது அவரு. நான் இங்க இல்ல."

அதற்குப் பிறகு வந்த வருஷத்தில் அவருக்கு மறதி தொடங்கியது. கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியை மறந்தார். வெள்ளைச் சட்டையோடு மேரு சாலையின் நடுவில் நின்று கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டினார். லோரிக்காரன் ஒருவன் அவரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மாமாக் கடைக்குப் போவது நின்றது.

*

அக்கரைக் காட்டுத்தீயின் புகைமூட்டம் தொடங்கிய வாரத்தில் ஒருநாள் காலை, அரிசி லோரி அக்கா வீட்டு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. தூங்க முடியாமல் எழுந்து போனேன். அக்கா கேட்டைத் திறந்து, "தம்பி, ஒரு கை குடுங்களேன். அப்பாவ விட்டுட்டு வர முடியல," என்றார். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

வரவேற்பறையில் ஒரு ரோத்தான் நாற்காலி இருந்தது. பிரம்பு தளர்ந்து, உட்காருகிற இடம் குழிந்திருந்தது. அதில் யாருமில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில், ஓரடி பின்தள்ளி, தம்புசாமி அங்கிள் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, பேனா, முன்னால் கோத்த கைகள்.

"அங்கிள், எப்படி இருக்கீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியின் பக்கம் லேசாகக் குனிந்து, "எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்," என்றார். காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து, "நல்லா இருக்கேன். கொஞ்சம் மூச்சு முட்டுது," என்றார்.

ஜன்னலுக்கு வெளியே புகை வெள்ளையாக நின்றது. எதிர்வீடு தெரியவில்லை. எனக்கும் மூச்சு முட்டியது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஆச்சரியம் எதுவுமில்லை. அவர் அப்பாவைத் தாண்டிப் போய் நாற்காலிக்கு எதிரில் நின்று, "அப்பா, குளிச்சிடலாமா? வெந்நீர் ரெடி," என்றார்.

குனிதல். அமைதி. "குளிக்கலாம். தலைக்கு வேணாம்."

"சரிப்பா." அக்கா அங்கிளின் கையைப் பிடித்தார். அவர் நடக்கத் தொடங்கினார். போகும்போது என்னிடம் மட்டும், அலுவலகக் குரலில், "சாட்சி எங்க போனாலும் நானும் கூடப் போகணும்," என்றார்.

மூட்டையை இறக்கிவிட்டுச் சமையலறையில் நின்றேன். குளியலறையிலிருந்து அவர் குரல் கேட்டது. "அவருக்கு ஊத்துங்கம்மா. எனக்கு ஏன் ஊத்துறீங்க?"

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் ஊத்தறேன்," என்றார் அக்கா.

பிறகு அக்கா எனக்கு இரண்டு பொட்டலம் மாவு கொடுத்தார். தணிந்த குரலில் பேசினார்.

"மொதல்ல சண்ட போட்டேன் தம்பி. அப்பா, அங்க யாரும் இல்லப்பான்னு. ரெண்டு நாள் பச்சத் தண்ணி குடிக்கல. அப்புறம் சும்மா நாற்காலியப் பாத்துக் கேட்டேன். ஒடனே பதில் வந்துச்சு. இப்ப எல்லாம் அப்படித்தான். மாத்திரை வேணுமா, ஃபேன் போடவா, எல்லாம் நாற்காலியத்தான் கேக்கறது."

"சாப்பாடு?"

"ரெண்டு தட்டு. நாற்காலி முன்னாடி ஒண்ணு வச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சாதான் இவரு சாப்பிடுவாரு. சாட்சி சாப்பிட்டப்புறம்தான் இண்டர்பிரெட்டருக்கு லஞ்ச் பிரேக்காம்." அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தத் தட்டுச் சோத்த நான்தான் சாப்பிடறேன். வீணாக்க முடியாதுலா. ஒரே சட்டி சோறு, ஒரே கறிதான். ஆனா அந்தத் தட்டுல உப்பு இருக்காது தம்பி. படைச்ச சோறு மாதிரி சப்புன்னு இருக்கும்," என்றார்.

நான் மாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிரம்பு நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் முறுக்குகிற சத்தம் வரும். அன்று மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. சூட்டில் பிரம்பு விரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு புரண்டு படுத்தேன்.

*

அக்காவின் தம்பி யுகேந்திரன் பூச்சோங்கில் இருப்பவன். ஞாயிற்றுக்கிழமை வருவான். கெட்டவன் இல்லை. அக்கா மெலிந்துகொண்டே போவது அவன் கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருந்தான். அங்கே அப்பாவைச் சேர்க்க வேண்டும், மாதாமாதம் அதற்கு ஆகும் செலவுக்கு அப்பா பெயரில் இருக்கும் இந்த வீட்டை விற்க வேண்டும். அப்பாவால் கையெழுத்துப் போட முடியாது. அதனால் ஷா ஆலம் நீதிமன்றத்தில் மனு. தகப்பனின் உடம்பையும் உடைமையையும் பார்த்துக்கொள்ளத் தன்னை நியமிக்கக் கேட்டிருந்தான்.

ஒரு ஞாயிறு வழக்கறிஞரைக் கூட்டிவந்தான். ஷபானா என்று பெயர், மஸ்ஜித் இந்தியாப் பக்கம் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் ஒரு வாக்குமூலம் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அக்கா தோசை சுட்டுக்கொண்டிருந்தார். அங்கிள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இப்படித்தான் மேடம், முழு நாளும் நிக்குது," என்றான் யுகேந்திரன். "கால் வீங்கிப்போச்சு. சொன்னாலும் கேக்காது. அதுக்கு ஒண்ணும் வெளங்கறதில்ல."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "எதுடா நிக்குது? நாய்க்குட்டியா?"

"வாய்ல வருதுக்கா. சும்மா இருலா."

"போன வருஷம் வரைக்கும் அவரு. இப்ப அது. அடுத்த வருஷம் என்ன சொல்லப் போற?"

ஷபானா காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். "யுகேன், உங்க அப்பா எதிர்லயே அவரப் பத்திப் பேசறோம். அவரையும் சேத்துப் பேசலாமே." பிறகு அங்கிளைப் பார்த்து, "அங்கிள், நான் ஷபானா. உங்க காரியத்த இனிமே உங்க மகன் பாத்துக்கறதுக்கு மனு போடறோம். உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

"என்னப் பாக்காதீங்கம்மா. அவரப் பாத்துக் கேளுங்க."

ஷபானா எழுந்தார். தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, காலி நாற்காலிக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார். வெளியாட்களில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். யுகேந்திரன் மேல்கூரையைப் பார்த்தான்.

"மனுவுல ஒரு வார்த்தை வருது அங்கிள். நானா எழுதினதில்ல, கோர்ட்டுல பழகிப்போன வார்த்தை. படிக்கட்டுமா?" மலாயில் படித்தார். "தீடாக் செம்பூர்ணா ஆகால்." புத்தி நிறைவில்லாதவர் என்று அர்த்தம். படித்துவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அங்கிள் அந்த வார்த்தையை முப்பது வருஷமாகத் தமிழாக்கியவர். கோர்ட்டில் மற்றவர்கள் அதைப் பைத்தியம் என்பார்கள், மூளை சரியில்லை என்பார்கள். அவர் நாற்காலியிடம் குனிந்து நிதானமாகச் சொன்னார். "தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள இப்போது இயலாதவர் என்று உங்களைப் பற்றி மனுவில் சொல்லியிருக்கிறார்கள், ஐயா. ஆட்சேபணை உண்டா?"

தோசைக்கல்லில் எண்ணெய் பொரிந்தது. அக்கா தீயைக் குறைத்தார். நாங்கள் எல்லோரும் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அங்கிள் நிமிர்ந்தார். "இயலாதவன்தான். ஆட்சேபணை இல்ல. ஆனா என்னைக் கேக்காம எதையும் செய்ய வேணாம்."

ஷபானா எழுதிக்கொண்டார். எழுந்து போகும்போது நாற்காலியைப் பார்த்தும், பிறகு அங்கிளைப் பார்த்தும், இரண்டு தடவை சலாம் சொன்னார். கேட்டருகே என்னிடம், "என் கை சில்லுன்னு ஆயிடுச்சு. உங்களுக்கு?" என்று கேட்டார். சூரியன் புகைக்குள் சிவப்பாக, ஒரு பழைய காசு போலத் தொங்கியது. எனக்கு வியர்த்திருந்தது. கேட்டைத் திறந்துவிட்டேன்.

*

ஷபானா போன பிறகு யுகேந்திரன் அசதியாக உள்ளே வந்தான். போனைப் பார்த்துக்கொண்டே நடந்து, பார்க்காமல் அந்த ரோத்தான் நாற்காலியில் உட்கார்ந்தான். பிரம்பு முறுக்கியது.

அக்கா தோசைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "டேய், எழுந்திரி."

"ஏன்? ஒக்காரத்தான நாற்காலி. தல வலிக்குதுக்கா. தண்ணி குடு."

அங்கிள் நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சொன்னார். "எனக்குத் தல வலிக்குது. தண்ணி வேணும்."

யுகேந்திரன் மெதுவாகத் தலையைத் தூக்கினான். அப்பாவைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. கூண்டில் நிற்பவனின் முகத்தை மொழிபெயர்ப்பாளர் பார்ப்பதில்லை. வாயைத்தான் கவனிப்பார்.

"எனக்கு நாப்பத்தொரு வயசாச்சு," என்றான் யுகேந்திரன்.

"எனக்கு நாப்பத்தொரு வயசாச்சு," என்றார் அங்கிள்.

"போதும்டா. எழுந்திரி," என்றார் அக்கா.

அவன் எழுந்திருக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. போனை எடுத்து அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பிடித்தான். தன் முகம் படத்தில் விழாதபடி பிடித்தான். குரலைத் தணித்து, வாய்க்குள்ளேயே, "நான் ஜெஞ்சாரோமுக்குப் போக விரும்பறேன். இந்த வீடு எனக்கு வேணாம்," என்றான்.

அங்கிளின் கோத்த விரல்கள் இறுகின. முதல் தடவையாக அவர் தடுமாறினார். குனிந்து நாற்காலியை உற்றுப் பார்த்தார். குரல் தெரிந்தும் ஆள் தெரியாதவர் போலப் பார்த்தார். ஆனால் அவர் இடத்தில் நிற்கிறவர் கேட்டதை விழுங்க முடியாது. நிமிர்ந்து, மலாயில், சுத்தமாகச் சொன்னார். "சாயா இங்ஙின் பெர்கி கெ ஜெஞ்சாரோம். ரூமா இனி சாயா தாக் மாஹு."

யுகேந்திரன் போனை அணைத்தான். அவன் நெற்றியில் வேர்வை நின்றது.

"அது அப்பா சொன்னதில்ல. நீ சொன்னது," என்றார் அக்கா.

"அவர் வாயால வந்துச்சு. வேற எப்படி வரும் இனிமே? நீயே சொல்லு." எழுந்தான். "நீ சாகப் போறக்கா. உன்னத் தூக்கறதுக்கும் நான்தான் வரணும். ப்ரோ, நீங்க பக்கத்துலதான இருக்கீங்க, சொல்லுங்க. அக்கா ஒருநாளாச்சும் தூங்குதா?"

அதில் பொய் இல்லை. அவன் எழுந்த பிறகு குழிந்த பிரம்பு மெல்ல மேலே வந்து சத்தம் போட்டது. அங்கிள் அன்று இரண்டு தட்டில் எதையும் தொடவில்லை.

மறுநாள் மாவுப் பொட்டலத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே அக்கா சொன்னார்.

"அந்த வீடியோ பத்தி நான் லாயர்கிட்டச் சொல்லல தம்பி. சொல்லப் போறதும் இல்ல."

"ஏங்கா?"

"ஜெஞ்சாரோம் போய்ப் பாத்தேன். நல்லாத்தான் வச்சிருக்காங்க. அப்பா அங்க இருந்தா நான் ஒருநாள் முழுசாத் தூங்கலாம்னு தோணுச்சு. கட்டிலப் பாத்ததும் எனக்கே படுக்கணும்போல இருந்துச்சு. கேவலம்லா?" ரப்பர் பேண்ட் அறுந்து விரலில் அடித்தது. "ஆனா ஒண்ணு கேட்டேன். ஒரு ரூமுக்கு ஒரு நாற்காலிதான் வைப்பாங்களாம். வீட்லேந்து எதுவும் கொண்டு வரக் கூடாதாம்."

*

விசாரணையன்று அவர்களை என் காடியில் ஏற்றி நானே ஓட்டிப் போனேன். புகை குறைந்திருந்தது. அங்கிள் பின் சீட்டில் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார். அக்கா முன்னால் ஏறிக்கொண்டார்.

நீதிமன்ற அறை சின்னது. நீதிபதி கண்ணாடி போட்ட ஒரு மலாய்ப் பெண்மணி. மருத்துவ அறிக்கையைப் படித்திருந்தார். ஆனாலும் ஆளைப் பார்த்துக் கேட்காமல் உத்தரவு போட விருப்பமில்லை என்றார். கூண்டுக்குள் அங்கிளுக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஊழியர் ஒருவர் வழிகாட்டினார். அங்கிள் நடந்து போய்க் கூண்டுக்கு வெளியே, ஓரடி தள்ளி, மொழிபெயர்ப்பாளர் நிற்கும் இடத்தில் நின்று நீதிபதிக்குத் தலை வணங்கினார். அந்த இடத்தில் ஏற்கெனவே நின்றிருந்த கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரான இளம்பெண் விலகி வழிவிட்டாள்.

ஷபானா எழுந்து விளக்கினார். வழக்கமான அந்த வார்த்தையைச் சொல்லாமல் சுற்றிச் சொன்னார். நீதிபதி கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, காலிக் கூண்டைப் பார்த்து மலாயில் பேசினார்.

"என்சிக் தம்புசாமி, உங்கள் மகன் கொடுத்த பதிவில், ஜெஞ்சாரோமில் இருக்கும் இல்லத்துக்குப் போக விரும்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது உங்கள் விருப்பம்தானா?"

அங்கிளின் முதுகு நிமிர்ந்தது. மாதக்கணக்கில் வீட்டில் நின்ற கிழவர் அங்கே இல்லை. கூண்டின் பக்கம் திரும்பி, ஒரு சொல் விடாமல் தமிழில் கேட்டார். பிறகு காத்திருந்தார். ஏர்கண்டிஷன் சத்தம் மட்டும் இருந்தது. கூண்டுக்குள் இருந்தது இரும்பு நாற்காலி, பிரம்பு இல்லை. அது முறுக்குகிற வாய்ப்பே இல்லை. ஆனாலும் அந்த முறுக்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அக்காவின் கை என் முழங்கையைப் பற்றியதால் அவருக்கும் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அங்கிள் நீதிபதியின் பக்கம் திரும்பி, நீதிபதிகளை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு தொடங்கினார்.

"யாங் ஆரிஃப், எனக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்."

அந்த 'எனக்கு' கூண்டுக்குள் இருப்பவருடையது. நீதிபதிக்கும் அது புரிந்தது. "காரணம்?" என்று கூண்டைப் பார்த்துக் கேட்டார்.

அங்கிள் திரும்பினார். "காரணம் கேட்கிறார்கள், ஐயா." இந்தத் தடவை நெடுநேரம் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கழுத்து சிவந்தது. ஒரு தடவை, "மெதுவாகச் சொல்லுங்கள்" என்றார். பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, எதையும் குறைக்காமல், எதையும் மெழுகாமல் சொன்னார்.

"நான் சொல்லாததை நான் சொன்னதாக இவர் சொல்லிவிட்டார். என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து பேசினார். ஆள் மாறியது இவருக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார். இவர் வாயை இனி நான் நம்பமாட்டேன்."

யுகேந்திரன் கையிலிருந்த போனை மடியில் கவிழ்த்து வைத்தான். "அப்பா," என்றான். யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் அவன் தலை கூண்டுக்கும் அவருக்கும் நடுவில் அலைந்தது. பிறகு நீதிபதியிடம், "நான்தான் யாங் ஆரிஃப். நான்தான் ஒக்காந்தேன்," என்றான்.

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். கூண்டைப் பார்த்து, "யார் வேண்டும் உங்களுக்கு?" என்றார்.

"என் மகள்."

அக்கா எழுந்து போனார். செருப்பை வாசலில் விட்டிருந்தார், வீட்டு ஞாபகம். அங்கிள் பையிலிருந்த பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நீதிபதிக்கு ஒரு தடவை, கூண்டுக்கு ஒரு தடவை தலை வணங்கினார். பின்னால் வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். பல மாதங்களில் அவர் தானாக உட்கார்ந்தது அப்போதுதான்.

அக்கா கூண்டுக்குப் பக்கத்தில் நின்று குனிந்து காதைக் கொடுத்தார். நாங்கள் காத்திருந்தோம்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல, யாங் ஆரிஃப்," என்று அழுதார்.

"பரவாயில்லை," என்றார் நீதிபதி. "அவசரமில்லை."

உத்தரவு வந்தது. அக்காவும் தம்பியும் சேர்ந்து பொறுப்பு. நீதிமன்றத்தைக் கேட்காமல் வீட்டை விற்கக் கூடாது, அவரை வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது. பகலில் அக்காவுக்கு உதவ ஆள் வைக்க வேண்டும், அதை யுகேந்திரன் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார். எந்த முடிவுக்கும் முன்னால் என்சிக் தம்புசாமியிடம், மரியாதையாக, நேரில் கேட்க வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் கேட்க வேண்டும்.

*

அதற்குப் பிறகு அங்கிள் பேசவில்லை. வாசலருகே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கொடுத்ததைச் சாப்பிடுவார், குளிப்பாட்டினால் குளிப்பார். கால் வீக்கம் வடிந்தது. ஓய்வு பெற்றவர் முகம். அக்கா அவரிடம் எதைக் கேட்டாலும் ரோத்தான் நாற்காலியைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

பகலில் தாமரை என்றொரு பெண் உதவிக்கு வந்தாள். யுகேந்திரன் ஞாயிறு தவறாமல் வந்தான். வாசல் நிலையில் நின்றபடியே, "அப்பா, எப்படி இருக்கீங்க?" என்று நாற்காலியைக் கேட்பான். அது என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. நாற்காலிப் பக்கம் அவன் போகவும் இல்லை.

அக்கா தினமும் முயன்றார் என்பது சுவர் வழியாகத் தெரிந்தது. இயந்திரம் நிற்கும். "அப்பா, என்ன சமைக்கட்டும்?" அமைதி. அமைதிக்குப் பிறகும் அமைதி. பிறகு பாத்திரச் சத்தம். வாரக்கணக்கில் அப்படித்தான் போனது. நான் நன்றாகத் தூங்கினேன்.

ஒருநாள் எழுந்துவிட்டேன். இயந்திரம் நின்றிருந்தது. கேள்வி வந்தது, அக்காவின் குரல். அமைதி வந்தது. பிறகு அதே அக்காவின் குரல், கோர்ட்டில் பேசுகிற தெளிவோடு, "எனக்கு இப்பப் பசியில்லை" என்றது.

வெளியே அரிசி லோரி ஹாரன் அடித்தது. தாமரை அன்று வரவில்லை போல. முகம் கழுவாமல் போய் மூட்டையைத் தோளில் ஏற்றினேன். உள்ளே அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில், ஓரடி பின்தள்ளி நின்றிருந்தார். மாவு காய்ந்த கைகளை முன்னால் கோத்திருந்தார். கழுத்தோரம் சட்டையில் அந்தப் பேனா குத்தியிருந்தது.

"அக்கா, மூட்டைய எங்க வைக்க?"

"என்னப் பாக்காதீங்க தம்பி. அவரப் பாத்துக் கேளுங்க."

மூட்டை தோளை அழுத்தியது. நாற்காலியைப் பார்த்தேன். பிரம்பு குழிந்திருந்தது. அது எப்போதும் குழிந்ததுதான்.

"அங்கிள், மூட்டைய எங்க வைக்கட்டும்?"

அக்கா குனிந்தார். கேட்டார். அவர் உதடு லேசாகச் சிரித்தது, ஏதோ வேடிக்கையைக் கேட்டது போல. நிமிர்ந்து என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அடுப்படியில வச்சுட்டுப் போய்ப் படு. குட் நைட், ஷிஃப்ட்டு."

வெளியே உச்சி வெயில். வாசலருகே ஸ்டூலில் இருந்த தம்புசாமி அங்கிள் அக்காவைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார், மொழிபெயர்ப்பில் பிழையில்லை என்பதுபோல.